வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்கு மேல்மாடியில்
எங்கள் கேபிள் சேனல்.
நேரலையில் ஈ வந்து உட்காரும்,
பெரும்பாலும் அவள் மூக்கில்.
விரட்ட மாட்டாள்.
'நம்ம நிகழ்ச்சிக்கு இன்னொரு விருந்தினர்' என்பாள்.
அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் வைத்த பேர் காவேரியம்மாள்,
சேர்வராயன் குகைக்குள் இருக்கும் அம்மன் பேர்.
திரையில் கொள்ளவில்லை என்று
காவ்யா ஆக்கினார் முதலாளி.
டைட்டில் கார்டு அடித்தவன் நான்தான்.
ஆறு எழுத்தை அழித்து
இரண்டு சேர்த்தேன்.

சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு.
'ஹலோ, யார் பேசறது, எங்கிருந்து?'
அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, தாதகாப்பட்டி கேட்,
இரும்பாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்,
கொலுசுக்கு முத்து ஒட்டுகிற பட்டறைப் பையன்.
எல்லோரிடமும் முதலில் ஒன்றையே சொல்வாள்:
உங்க டிவி வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க.
குறைக்காவிட்டால்
அவள் குரல் அவர்கள் வீட்டுக்குப் போய்
போன் வழியே திரும்பி வந்து
என் ஹெட்போனில் ஊளையிடும்.
நான் ஃபேடரை இறக்குவேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
கட்டைவிரல் காட்டுவாள்.
எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று சொல்ல
எனக்கு நான்கு வருடம் ஆனது.

பிறகு எஃப்.எம். காலை ஏழு மணி அவளுடையது.
ஏற்காடு பஸ் டிரைவர்
அவளை வைத்துக்கொண்டேதான் மலை ஏறுவார்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
ஜோக்கின் முன்பாதி,
பதினான்காவதில் சிரிப்பு,
நடுவில் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்.
மலைக்கு அந்தப் பக்கம், அவள் ஊர்ச் சரிவில்,
ஸ்டேஷன் எடுக்கவே எடுக்காது.
மிளகு விற்க இறங்குகிற நாளில்
அடிவாரத்து டீக்கடையில்தான்
அவள் அப்பா மகளைக் கேட்டார்.
'ஏன் இத்தனை வேகமா பேசறா,
யாராச்சும் துரத்தறாங்களா?'
என்றாராம்.

பிறகு சென்னை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது.
சமையல் போட்டி, ஜோடிகள் போட்டி,
பிள்ளைகள் பாட்டுப் போட்டி.
தோற்ற குழந்தையை மடியில் வைத்து அழுவாள்.
விளம்பரத்துக்குச் சரியாக அழுகை முடியும்.
ஊரே மூக்கைச் சிந்தும்போது
எனக்கு மட்டும் தெரியும்:
கேமராவுக்குப் பின்னால் யாரோ
மூன்று, இரண்டு, ஒன்று என்று விரல் மடக்குகிறார்கள்.
அந்த விரல்மேல்தான் எனக்குப் பொறாமை.

எட்டு வருடம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பத்து வயது இளைய இன்னொருத்தி
அதே இடத்தில் நின்று அதே வணக்கத்தைச் சொன்னாள்.
அறிவிப்பாளர் போனதை
அறிவிக்க ஆள் இல்லை.

இந்த மே மாதம் கோடை விழாவில்
ஸ்பீக்கர் கான்ட்ராக்ட் என்னுடையது.
நாய்க் கண்காட்சியைத் தொகுத்து வழங்க
வேனிலிருந்து இறங்கினாள்.
மைதானத்திலேயே ஸ்வெட்டர் போடாத ஒரே ஆள்.
மலைக்காரி.

'அடுத்து வர்றது அஸ்தம்பட்டியிலிருந்து,
மூணு வயசு சிப்பிப்பாறை!'
அதே குரல். ஊர்ப் பேரில் மட்டும்
ஒரு துளி வெல்லம் அதிகம்.
நாய் மேடையேறி மைக்கை முகர்ந்தது.
ஸ்பீக்கர் ஊளையிட்டது.
நாயும் ஊளையிட்டது.
ஏரிக்கரையே சிரித்தது.

அவள் என் மேசைப்பக்கம் திரும்பினாள்.
தலை நரைத்து, தொப்பை வைத்து, கண்ணாடி போட்டவன்.
தெரிந்ததா, தெரியவில்லை.
'சார், வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க.'

குறைத்தேன்.
கட்டைவிரல் வரவில்லை.
குனிந்து, நாய்க்காரரிடம்
நாயின் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
நீளமான பேர். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.
அவள் நிமிர்ந்து
ஒரு எழுத்து விடாமல்
மைக்கில் சொன்னாள்.